ஏமாற்றியவர் மனந்திரும்பிவிட்டார், என் பங்கு?

கேள்வி (பழைய பங்குதாரர்):
என்னோடு கூட்டாகத் தொழில் செய்தவர் கணக்கை மாற்றி எழுதி என் பங்கில் பெரும் பகுதியைச் சுருட்டிவிட்டார். இப்போது ஞானஸ்நானம் எடுத்திருக்கிறார். சபையில் கண்ணீரோடு சாட்சி சொல்கிறார். பணத்தைப் பற்றிக் கேட்டால், “அதையெல்லாம் கர்த்தர் மன்னித்துவிட்டார், பழசைக் கிளறாதீர்கள்” என்கிறார். இதற்குப் பெயர் மனந்திரும்புதலா? இவர் இரட்சிக்கப்பட்டவரா?

பதில் (கிருபை மட்டும்):
எபேசியர் 2:8, 9 படியுங்கள். இரட்சிப்பு கிருபையினால், கிரியைகளினால் அல்ல. இயேசுவோடு சிலுவையில் தொங்கிய கள்ளன் யாருக்கு எதைத் திருப்பிக் கொடுத்தான்? மன்னித்து விட்டுவிடுங்கள் சகோதரரே.

பதில் (ஞாயிறு பள்ளி வாத்தியார்):
கள்ளனால் சிலுவையை விட்டு இறங்கி வர முடியாது ஐயா. இவருக்கு என்ன தடை? அந்த நிலையிலும் கள்ளன், தனக்குக் கிடைத்தது தக்க தண்டனைதான் என்று எல்லார் காதிலும் விழும்படி ஒப்புக்கொண்டான் (லூக்கா 23:41). ‘பழசைக் கிளறாதே’ என்று அவன் சொல்லவில்லை.

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவைப் பாருங்கள் (லூக்கா 19). ‘முதலில் கணக்கைத் தீர்த்துவிட்டு வா’ என்று இயேசு அவனிடம் சொல்லவில்லை. உன் வீட்டில் தங்க வேண்டும் என்று அவராகவே கேட்டுப் போனார். அதாவது கிருபைதான் முந்திக்கொண்டது. அப்புறம்தான் சகேயு எழுந்து நின்று, சொத்தில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை, அதாவது நான்கு மடங்கு என்கிறான். எண்ணாகமம் 5:7 கேட்பது முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும்தான். அவன் அதையெல்லாம் தாண்டிப் போய்விட்டான். இரட்சிப்பை விலைக்கு வாங்க யாரும் இப்படி அள்ளிக் கொடுப்பதில்லை. கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் கொடுக்கிறவன்தான் கணக்குப் பார்க்காமல் கொடுப்பான்.

ஆனால் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலே மனந்திரும்பிவிட்டார் என்றும் சொல்ல முடியாது. இயேசுவைக் காட்டிக்கொடுத்து வாங்கிய முப்பது வெள்ளிக்காசையும் யூதாஸ் கொண்டுபோய்க் கொடுத்தான், “குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன்” என்று அறிக்கையும் செய்தான். ஆனால் அவன் போனது ஆசாரியர்களிடம், “எங்களுக்கென்ன, அது உன்பாடு” என்று அவர்கள் கைகழுவினார்கள். பேதுருவும் இயேசு பிடிபட்ட இரவில் அவரைத் தெரியாது என்று மறுதலித்துவிட்டு மனங்கசந்து அழுதவன்தான், ஆனால் அவன் இயேசுவிடம் திரும்பி வந்தான். கண்ணீரின் அளவை வைத்து எதையும் முடிவுகட்ட வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். சாட்சி நேரத்துக் கண்ணீரைப் பற்றி எனக்குத் தனி அபிப்பிராயம் உண்டு, அது இங்கே வேண்டாம்.

பதில் (கத்தோலிக்க வாசகி):
பாவமன்னிப்பு பெறும் எங்கள் ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் மூன்றும் உண்டு. திருடியதை முடிந்தவரை திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று மறைக்கல்வி நூலே சொல்கிறது.

கேட்டவர்:
சரி, அவர் இரட்சிக்கப்பட்டாரா இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

ஞாயிறு பள்ளி வாத்தியார்:
அந்தத் தீர்ப்பு உங்கள் கையிலும் இல்லை, என் கையிலும் இல்லை. அவர்மேல் உள்ள கசப்பை விடுவது ஒன்று, வர வேண்டிய பணத்தைக் கேட்பது வேறொன்று. மன்னித்தவர் கேட்கக் கூடாது என்று எந்த வசனமும் இல்லை. மத்தேயு 18:15 சொல்கிறபடி முதலில் அவரைத் தனியாகப் பாருங்கள், கணக்கு நோட்டும் கையில் இருக்கட்டும். அவர் செவிகொடுக்கவில்லையா, அடுத்த வசனப்படி இன்னும் ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போங்கள். சபையார் முன்னால் கொண்டுபோவது அதற்கப்புறம்தான்.