மறு: ஸ்டார்ட்அப் கான்ஃபிக், ரன்னிங் கான்ஃபிக் – தமிழில் என்ன சொல்லலாம்?

> ஸ்டார்ட்அப் கான்ஃபிக் – தொடக்க அமைவு
> ரன்னிங் கான்ஃபிக் – ஓடும் அமைவு

வணக்கம். வலையமைப்புகளை இணைக்கும் கருவியான ரூட்டரின் இரண்டு அமைவுகளுக்கு, கலைச்சொல் பட்டியலில் மேலே உள்ள பெயர்களை முன்மொழிந்திருக்கிறீர்கள்.

‘அமைவு’ இருக்கட்டும், கச்சிதமான சொல். ‘தொடக்க’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. புது சிஸ்கோ ரூட்டருக்கு மின்சாரம் கொடுத்தால், இனிஷியல் கான்ஃபிகரேஷன் டயலாகுக்குள் போகலாமா என்று கேட்கும். ஸ்டார்ட்அப் கான்ஃபிக் கோப்பு இல்லாததால்தான் அப்படிக் கேட்கிறது. இரண்டையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: ‘தொடக்க அமைவு இல்லையென்றால் தொடக்க அமைவுக்கான கேள்விகள் வரும்.’ படிக்கிற பிள்ளை புத்தகத்தை மூடிவிடும்.

கருவி செய்வதைப் பார்த்துப் பெயர் வைப்போம். ரோம் என்ற நிலையான நினைவகத்தில் உள்ள நிரல் முதலில் வன்பொருளைச் சோதிக்கும். அடுத்து ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து ஐஓஎஸ் (சிஸ்கோவின் இயங்குதளம்) ஏறும். அது என்விரேமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) உள்ள ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கைப் படித்து ரேமில் (மின்சாரம் போனால் அழியும் நினைவகம்) வைத்துக்கொள்ளும். ரேமில் இருப்பதே ரன்னிங் கான்ஃபிக். நாம் தட்டும் கட்டளை உடனே நடைமுறைக்கு வந்துவிடும், ஆனால் அது ரேமோடு சரி. ‘ரைட் மெமரி’ என்ற சேமிப்புக் கட்டளை கொடுக்காமல் மின்சாரம் போனால் எல்லாம் போயிற்று. ஆக, ஒன்று நிலைப்பது, மற்றது நிலைக்காதது. வேறுபாடு நேரத்தில் இல்லை.

என் பரிந்துரை: இருப்பு அமைவு, நடப்பு அமைவு. ‘ஓடும்’ வேண்டாம், ரூட்டர் எங்கும் ஓடவில்லை.

—————

ஐயா, ‘நடப்பு’க்கு என் ஓட்டு. ‘இருப்பு’ ஆகாது. வங்கிக் கணக்கில் இருப்பு என்றால் இந்த நிமிடம் உள்ள தொகை. ‘இருப்பு அமைவு’ என்றால் ‘இப்போது இருக்கும் அமைவு’ என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிர். நேராகச் ‘சேமித்த அமைவு’ என்றே சொல்லலாமே.

‘தொடக்க’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடவுச்சொல் மறந்த ரூட்டரில் கான்ஃபிக் ரெஜிஸ்டரை (ரூட்டர் எப்படி எழ வேண்டும் என்று சொல்லும் எண்) 2102 என்பதிலிருந்து 2142 ஆக மாற்றி மறுபடி ஏற்றுவோம். (இரண்டும் பதினறும எண்கள்.) சேமித்த அமைவு என்விரேமில் பத்திரமாகவே இருக்கும், ரூட்டர் அதைப் படிக்காமல் எழுந்துவிடும். தொடக்கத்தில் தொடாத கோப்புக்குத் தொடக்க அமைவு என்று எப்படிப் பெயர் சொல்வது?

வினைச்சொற்களையும் இப்போதே பிரித்துவிடுங்கள். அந்த ரூட்டரில் அடுத்து ‘காப்பி ஸ்டார்ட்அப்-கான்ஃபிக் ரன்னிங்-கான்ஃபிக்’ கொடுப்போம். பெயர்தான் காப்பி. பழையதை அழித்துவிட்டு எழுதாது. ஏற்கெனவே உள்ளதோடு கலக்கும். அதனால்தான் எல்லாம் திரும்பி வந்த பிறகும் இன்டர்ஃபேஸ்கள் (இணைப்பு முனைகள்) படுத்தே கிடக்கும்: வெற்று ரூட்டரில் அவை ஷட்டவுனில், அதாவது அணைந்த நிலையில் இருக்கும், சேமித்த அமைவில் ‘நோ ஷட்டவுன்’ என்ற வரி இருக்காது, ஆகவே எழுப்ப ஆளில்லை. இதற்கு ‘நகலெடு’ என்று எழுதினால் புதிதாக வருபவர் ராத்திரி முழுக்கத் தேடுவார். ‘கலந்தேற்று’ என்று வைக்கலாம். பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கும் ‘கான்ஃபிகர் ரீப்ளேஸ்’ கட்டளைக்கு ‘மாற்றியேற்று’.

—————

‘சேமித்த அமைவு’ எனக்கும் சம்மதம். கலந்தேற்று, மாற்றியேற்று இரண்டும் பிரமாதம், அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஜூனிப்பர் நிறுவனத்தின் ரூட்டர்கள் பக்கம் வந்தால் இரண்டு சொல் போதாது. அவற்றின் இயங்குதளமான ஜூனோஸில் தட்டுகிற எதுவும் உடனே நடைமுறைக்கு வராது. கேண்டிடேட் கான்ஃபிக் என்ற தனி நகலில் சேரும். ‘கமிட்’ கொடுத்த பிறகே செல்லுபடியாகும், அப்போதே சேமிப்பும் ஆகிவிடும். அங்கே நடப்பும் சேமித்ததும் ஒன்றே. பழைய நகல்களும் போய்விடாது: ‘ரோல்பேக்’ கட்டளையில் 0 என்றால் நடப்பு, 49 வரை பின்னால் போகலாம். ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்துவிட்டு 10 நிமிடத்துக்குள் மறுபடி உறுதி செய்யாவிட்டால் தானாகவே முந்தைய நிலைக்குத் திரும்பிவிடும். தொலைவிலிருந்து ஃபயர்வால் விதியை மாற்றித் தன்னையே வெளியே பூட்டிக்கொண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கேண்டிடேட்டை ‘வேட்பாளர் அமைவு’ என்று ஒரு கையேட்டு வரைவில் பார்த்தேன். வைப்புத்தொகை கட்டியதா என்று கேட்கத் தோன்றியது! சட்டமன்றத்தில் நமக்குப் பழகிய சொற்களே இங்கே பொருந்தும்: வரைவு, நிறைவேற்று. கேண்டிடேட் கான்ஃபிக் – வரைவு அமைவு. கமிட் – நிறைவேற்று. ரோல்பேக் – மீள்நிலை.

பட்டியலில் ஏற்றுமுன் ஒன்று. ‘சேமித்த அமைவு’ என்றதும் எல்லாமே அதற்குள் என்று நினைத்துவிடுவார்கள். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் ஸ்விட்ச் விடிபி (விலேன் விவரத்தை ஸ்விட்சுகளுக்கிடையே பரப்பும் நெறிமுறை) சர்வர் நிலையில் இருந்தால், விலேன் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி வலையமைப்பு) விவரம் ஃபிளாஷில் ‘விலேன் டாட் டேட்’ என்ற வேறு கோப்பில் இருக்கும். ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கை அழித்து மறுபடி ஏற்றினாலும் பழைய விலேன்கள் அப்படியே எழுந்து வரும். விளக்க வரியில் இதையும் சேர்த்துவிடுங்கள்.