கிழிந்த இறக்கைக்கு கஃப் லிங்க்: விண்வெளி ஓடப் பயணங்களில் நடந்த பழுதுபார்ப்புகள்

அச்சாணி

விண்வெளி நிலையத்தைக் கட்டிய கதை என்றாலே ஒவ்வொரு பாகமாகக் கொண்டுபோய்ப் பொருத்திவிட்டு வந்தார்கள் என்றுதான் எழுதுகிறார்கள். எது மாட்டிக்கொண்டது, எது கிழிந்தது, கையில் இருந்ததை வைத்து எப்படிச் சரிசெய்தார்கள் என்பதை இந்த இழையில் சேர்ப்போம். விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாக எழுதுங்கள். நான் எஸ்டிஎஸ்-120 என்ற விண்வெளி ஓடப் பயணத்தில் தொடங்குகிறேன்.

2007 அக்டோபர் 23 அன்று டிஸ்கவரி ஓடம் கிளம்பியது. தலைவர் பமேலா மெல்ராய். அப்போது நிலையத்தின் தலைவர் பெக்கி விட்சன். வேலைகள் இரண்டு. இத்தாலியில் செய்த, சுமார் 14 டன் எடையுள்ள ஹார்மனி அறையைச் சேர்ப்பது ஒன்று. சூரிய இறக்கைகள் பொருத்திய பி6 சட்டகத்தை இடம் மாற்றுவது இன்னொன்று. ஹார்மனியில் பெரிய சிக்கல் இல்லை. யூனிட்டி அறையின் பக்கவாட்டில் தற்காலிகமாக மாட்டினார்கள். ஓடம் திரும்பிய பிறகு, நவம்பர் 14-இல், நிலையத்தின் சொந்த இயந்திரக் கையால் டெஸ்டினி ஆய்வகத்தின் முகப்புக்கு மாற்றினார்கள்.

பி6-தான் பெரிய வேலை. 2000 டிசம்பரில் எஸ்டிஎஸ்-97 அதைக் கொண்டுபோனபோது முதன்மைச் சட்டகமே இல்லை. ஆனால் மின்சாரம் உடனே வேண்டும். அதனால் இசட்1 என்ற அடித்தளத்தின் தலையில், கூரைமேல் தண்ணீர்த் தொட்டி வைத்தாற்போல, ஏற்றிவைத்தார்கள். ஏழு ஆண்டு கழித்து இடது கோடியில், பி5 பாகத்துக்கு வெளியே, அதன் நிரந்தர இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். எடை சுமார் 16 டன்.

போன வழி இது. அக்டோபர் 28: விண்வெளி வீரர்கள் பாரசின்ஸ்கியும் டானியும் வெளியே போய் இசட்1-இல் இருந்து கேபிள்களையும் போல்ட்டுகளையும் கழற்றினார்கள். நிலையத்தின் கை பி6-ஐத் தூக்கிக்கொண்டது. அந்தக் கை நிற்கும் இடத்திலிருந்து இடது கோடி எட்டாது. எனவே மறுநாள் பி6-ஐ ஓடத்தின் கையிடம் கொடுத்துவிட்டு, நிலையத்தின் கை தண்டவாள வண்டியில் ஏறிச் சட்டகத்தின் ஓரத்துக்கு நகர்ந்து, திரும்ப வாங்கிக்கொண்டது. 30-ஆம் தேதி பாரசின்ஸ்கியும் வீலாக்கும் இரண்டு பக்கமும் நின்று இடைவெளியைக் கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்ல, உள்ளே இருந்தவர்கள் கையை அணு அணுவாக நகர்த்தினார்கள். மூலைக்கு ஒன்றாக நான்கு போல்ட். அத்தோடு முடிந்தது.

அதன் பிறகு பி6-இன் 2பி, 4பி என்ற இரண்டு சூரிய இறக்கைகளையும் விரித்தார்கள். 2பி சிக்கலின்றி விரிந்தது. 4பி ஐந்தில் நான்கு பங்கு விரிந்த நிலையில் கிழிந்தது.

திருகாணி

4பி கிழிந்ததற்கு வேர் முந்தைய டிசம்பரிலேயே இருக்கிறது. அதைச் சொல்லாமல் இது புரியாது.

ஒரு இறக்கை என்பது சுமார் 35 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். நடுவில் பெட்டியிலிருந்து நீண்டுவரும் கம்பம், இரண்டு பக்கமும் இரண்டு மின்கலப் போர்வைகள். ஒவ்வொரு போர்வையிலும் 16,400 மின்கலங்கள். மெல்லிய பலகைகளை வரிசையாகக் கீல்களால் கோத்த அமைப்பு அது. மடிக்கும்போது சேலைக் கொசுவம் போல முன்னும் பின்னுமாக அடுக்கி, அரை மீட்டர் கனமுள்ள பெட்டிக்குள் போய் உட்கார வேண்டும். மடிப்பு நேராக விழுவதற்காகப் போர்வையின் ஊடே மெல்லிய வழிகாட்டிக் கம்பிகள் ஓடுகின்றன. அவை பலகைகளில் பொருத்திய சிறு உலோக வளையங்கள் வழியே நழுவிப் போகும். கம்பியின் அடி முனை சுருள்வில் பொருத்திய உருளையில் சுற்றியிருக்கும்.

2006 டிசம்பர் 13-இல், எஸ்டிஎஸ்-116 பயணத்தின்போது, 4பி-ஐ மடிக்க உத்தரவு கொடுத்தார்கள். புதிய பி4 சட்டகத்தின் இறக்கைகள் சூரியனைத் தொடர்ந்து சுழல இடம் வேண்டும் என்பது காரணம். ஆறு ஆண்டு வெயிலில் விரிந்தே கிடந்த போர்வை. மடிப்பின் நினைவு அதற்குப் போய்விட்டது. சில மடிப்புகள் தலைகீழாக விழுந்தன, கம்பிகள் வளையங்களில் சிக்கின. கொஞ்சம் விரி, கொஞ்சம் மடி என்று நாற்பது முறைக்கு மேல் உத்தரவு போயும் முழுதாக மடங்கவில்லை. சுழல இடம் கிடைத்த அளவில் அன்றைக்கு நிறுத்தினார்கள்.

மூன்றாவது விண்நடையின் முடிவில் கர்பீமும் சுனிதா வில்லியம்ஸும் பெட்டியைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார்கள். ஓரளவு நகர்ந்தது. கடைசியில் திட்டத்தில் இல்லாத நான்காவது விண்நடை, டிசம்பர் 18. கர்பீமும் ஃபுக்லெசாங்கும் காப்பு டேப் சுற்றிய கருவிகளால் சிக்கிய இடங்களைத் தள்ளித் தள்ளி விடுவித்தார்கள். 6 மணி 38 நிமிடம் ஆனது. அப்படி வற்புறுத்தி மடித்த போர்வையைத்தான் அடுத்த ஆண்டு விரித்தார்கள்.

கப்டான் டேப்

4பி-ஐத் தைத்த கதையை நான் எழுதுகிறேன். என்னைக் கேட்டால் ஓடத்தின் முப்பது ஆண்டில் இதற்கு இணையான கைவேலை மிகக் குறைவு.

என்ன ஆனது: சிக்கிய வழிகாட்டிக் கம்பி பிரிபிரியாகி ஒரு கீலைப் பற்றிக்கொண்டது. கம்பம் நீள நீள, பற்றிய இடம் மட்டும் வரவில்லை. பலகை கிழிந்தது. பெரிய கிழிசல் சுமார் 75 செ.மீ., பக்கத்தில் சிறியது ஒன்று.

ஏன் அப்படியே விட்டுவிட முடியாது: பாதியில் நின்ற இறக்கை மின்சாரம் தரத்தான் செய்யும். ஆனால் கம்பம் முழுதாக நீண்டு போர்வை இழுத்துக் கட்டப்படாத வரை அமைப்புக்கு விறைப்பு கிடையாது. ஓடம் வந்து இணைவது, உந்துபொறிகளை இயக்குவது, இறக்கையைச் சூரியன் பக்கம் திருப்புவது என ஒவ்வொன்றும் அதை ஆட்டும், கிழிசல் வளரும். அடுத்து கொலம்பஸ், கிபோ என இரண்டு ஆய்வகங்கள் வரிசையில் நின்றன. அவற்றுக்கு மின்சாரம் வேண்டும். ஓடத்தின் வெப்பக் கவச ஓடுகளைச் சரிசெய்யும் கருவியைச் சோதிக்க வைத்திருந்த விண்நடையை ரத்து செய்து இந்த வேலைக்குக் கொடுத்தார்கள்.

எட்டுவது எப்படி: அங்கேதான் சிக்கல். நிலையத்தின் கை 17 மீட்டருக்கு மேல் நீளம், அப்படியும் எட்டாது. 2003 கொலம்பியா விபத்துக்குப் பிறகு ஓடத்தின் வெப்பக் கவசத்தை ஆராய 15 மீட்டர் நீள ஆய்வுத் தண்டு ஒன்றை ஒவ்வொரு ஓடமும் எடுத்துப் போனது. நிலையத்தின் கை அந்தத் தண்டை நடுவில் உள்ள பிடியில் பற்றிக்கொள்ள, தண்டின் நுனியில் கால்பிடி பொருத்தி அதில் பாரசின்ஸ்கி நின்றார். தண்டின் நுனியில் ஆள் நின்றால் எவ்வளவு ஆடும் என்று 2006 ஜூலையில் எஸ்டிஎஸ்-121-இல் செல்லர்ஸும் ஃபாஸமும் ஏற்கெனவே சோதித்திருந்தார்கள். அந்தச் சோதனை நடந்திராவிட்டால் இதற்கு யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். அந்தப் பிடி வழியே தண்டுக்கு மின்சாரம் போகாது. அதனால் நுனியில் உள்ள ஆய்வுக் கருவிகளின் சூடேற்றிகளும் வேலை செய்யாது. ஆள் மட்டுமல்ல, கருவிகளும் மணிக்கணக்கில் குளிரைத் தாங்க வேண்டும்.

கஃப் லிங்க்: பெயர் சட்டைக் கைப்பட்டியில் மாட்டுவதிலிருந்து வந்தது. வேலை செய்யும் விதமும் அதுவே. நிலையத்துக்குள் கிடைத்த அலுமினியப் பட்டையை வெட்டி, பஞ்சால் ஓட்டை போட்டு, அதில் வயரைக் கோத்து முனையை இறுக்க வேண்டும். வயரின் இரண்டு முனையிலும் இப்படி ஒரு தகடு. மின்சாரம் கடத்தாத கப்டான் டேப்பால் உலோகத்தை மூட வேண்டும். விட்சனும் விமானி ஜார்ஜ் ஸம்காவும் ஐந்து செய்தார்கள். பலகைகளில் ஏற்கெனவே ஓரம் வலுப்படுத்திய ஓட்டைகள் உண்டு. தகட்டை நீளவாக்கில் ஓட்டைக்குள் நுழைத்துத் திருப்பினால் அந்தப் பக்கம் குறுக்கே படுத்துக்கொள்ளும், திரும்ப வராது. கிழிசலுக்கு மேலே ஒரு முனை, கீழே ஒரு முனை. இழுவிசை இனி வயர் வழியே போகும், கிழிந்த கீலுக்குச் சுமை இல்லை. இங்கே கிழிசலை ஒட்டுவதே இல்லை, சுமையை மட்டும் சுற்றி அனுப்புகிறார்கள். ஒட்டுப்போட்டார்கள் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மின்சாரம்: வெயில் படும் வரை மின்கலம் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். 100 வோல்ட்டுக்கு மேல். மணிக்கட்டு வளையம் போன்ற உடையின் உலோகப் பகுதிகள், பிளையர், கத்தரி எல்லாவற்றுக்கும் கப்டான் டேப். ஆடும் போர்வை மேலே வந்து மோதாமல் தள்ளிவைக்க ஹாக்கி மட்டை மாதிரி வளைந்த ஒரு கருவி, அதற்கும் டேப். உடைக்குள் தூய ஆக்சிஜன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இத்தனை டேப் ஏன் என்று புரியும்.

நவம்பர் 3, வேலை நடந்த வரிசை:
டானியும் ஸ்டெஃபனி வில்சனும் டெஸ்டினியில் உட்கார்ந்து கையை இயக்கினார்கள். பாவோலோ நெஸ்போலி உள்ளேயிருந்து ஒவ்வொரு படியாக வாசித்துச் சொன்னார். வீலாக் இறக்கையின் அடிப்பகுதியில் நின்று, போர்வைக்கும் பாரசின்ஸ்கிக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்துச் சொன்னார். முதலில் சிக்கல் விழுந்த கம்பியை வெட்ட வேண்டும். வெட்டியதும் சுருள்வில் உருளை கம்பியை வேகமாக உள்ளே இழுக்கும். நுனி சாட்டை போலச் சுழன்று போர்வையையோ ஆளையோ அடிக்கக்கூடும். அதற்குத்தான் வீலாக் கீழே பிளையரோடு காத்திருந்தார், கம்பியை நிதானமாக உருளைக்குள் விட்டார். பிறகு ஐந்து கஃப் லிங்க்கையும் ஒவ்வொன்றாக மாட்டினார் பாரசின்ஸ்கி. ஆறடிக்கு மேல் உயரமும் நீண்ட கைகளும் அன்றைக்கு உதவின. அவரைச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு, உள்ளிருந்து கம்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கஃப் லிங்க் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த நகர்வு. இறக்கை முழுதாக விரிந்தது. மொத்தம் 7 மணி 19 நிமிடம்.

நட்டும் போல்ட்டும்

கப்டான் டேப் சார், அருமை. விட்டுப்போன ஒன்று. உடையின் இரண்டாம் நிலை ஆக்சிஜன் சுமார் 30 நிமிடத்துக்குத்தான். உடையில் ஓட்டை விழுந்தால் அதற்குள், வெளியே போய்வரும் வழியான காற்றுப்பூட்டு அறைக்கு வந்து சேர வேண்டும். தண்டின் நுனியிலிருந்து வர அதைவிட நேரம் பிடிக்கும். அது தெரிந்தேதான் அனுப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் எஸ்டிஎஸ்-118-இல் மாஸ்ட்ராக்கியோவின் இடது கட்டைவிரல் உறையில் வெட்டு தெரிந்ததும், உடையில் கசிவு இல்லாவிட்டாலும் விண்நடையைப் பாதியில் நிறுத்தி உள்ளே அழைத்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 4பி-க்காக எவ்வளவு தளர்த்தினார்கள் என்பது தெரியும்.

அச்சாணி

ஆமாம். இன்னொரு காரணமும் அவர்களை நெருக்கியது. அதே பயணத்தில் வலது பக்கச் சுழல் இணைப்பும் பழுதாகி நின்றது. அதைப் பற்றித் தெரிந்தவர் எழுதினால் நல்லது.

கிரீஸ் கன்

எழுதுகிறேன். வலது பக்கச் சூரிய இறக்கைகளை மொத்தமாகச் சுழற்றும் இணைப்பு அது. சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள எஃகு வளையம், அதைப் பற்றி உருளும் 12 பேரிங் தொகுதிகள். 2007 ஜூனில்தான் அந்தச் சட்டகம் போனது. சில மாதங்களிலேயே அதிர்வு கூடியது, மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் இழுத்தது. அக்டோபர் 28 விண்நடையில் டானி ஒரு மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே எங்கும் உலோகத் துகள். டேப்பில் ஒட்டி எடுத்துவந்தார். இரண்டு நாள் கழித்து இடது பக்க இணைப்பைத் திறந்தால் அது சுத்தமாக இருந்தது. ஆக, வடிவமைப்பு மொத்தமும் தவறில்லை என்பது வரை தெளிவானது.

காரணம் உராய்வு. உருளைகளில் பூசிய தங்கப் படலம்தான் மசகு. அது சரியாக நிற்காததால் உருளையின் விளிம்பில் சுமை ஏறி, வளையத்தின் கடினப்படுத்திய மேல்தோல் செதிள் செதிளாகப் பெயர்ந்தது. பெயர்ந்த துகளையே உருளை மறுபடி அரைத்தது.

சரிசெய்தது 2008 நவம்பரில், எஸ்டிஎஸ்-126, நான்கு விண்நடை. ஒவ்வொரு இடத்திலும் முறை ஒன்றே. மூடியைக் கழற்று. பழைய பேரிங்கை எடுத்துப் பையில் போடு. துடைப்பானால் துகளைத் துடை. ஒட்டிக்கொண்டதைத் தட்டைக் கரண்டி போன்ற சுரண்டியால் சுரண்டு. மறுபடி துடை. வளையத்தின் உருளை ஓடும் பரப்புகளில் கிரீஸ் கோடு இழு. புதுப் பேரிங்கைப் பொருத்து. பிறகு சுழற்றி கிரீஸைப் பரவச் செய். கடைசி விண்நடையில் இடது பக்கத்துக்கும் முன்னெச்சரிக்கையாக கிரீஸ் வைத்தார்கள். வெற்றிடத்தில் ஆவியாகாத வகை கிரீஸ் அது. சாதாரண கிரீஸ் அங்கே நிற்காது.

முதல் விண்நடையிலேயே பைக்குள் ஒரு கிரீஸ் துப்பாக்கி கசிந்துவிட்டது. வீராங்கனை ஸ்டெஃபனிஷின்-பைப்பர் அதைத் துடைத்துக்கொண்டிருக்கையில், கயிற்றால் கட்டப்படாத அந்தப் பை நழுவி மிதந்து போனது. கிரீஸ் துப்பாக்கி, சுரண்டி, துடைப்பான் எல்லாம் அதோடு போயின. மீதி வேலையை, துணைக்குப் போன போவெனின் பையிலிருந்த கருவிகளைப் பகிர்ந்து முடித்தார்கள். ஊரில் தொலைநோக்கி வைத்திருந்தவர்கள் அந்தப் பை நிலையத்துக்கு முன்னால் போவதைப் பார்த்தார்கள். 2009 ஆகஸ்டில் காற்று மண்டலத்தில் எரிந்தது.

திருகாணி

கசிவு என்றதும் அம்மோனியாவும் சேரட்டும். 2001 பிப்ரவரி, எஸ்டிஎஸ்-98, டெஸ்டினி ஆய்வகம் பொருத்திய நாள். குளிர்விப்புக் குழாய் இணைப்பைப் போடும்போது வால்வு கசிந்து, கர்பீமின் உடையிலும் தலைக்கவசத்திலும் அம்மோனியா பனிப் படிகமாகப் படிந்தது. 4பி-யோடு மல்லுக்கட்டிய அதே கர்பீம். அப்படியே உள்ளே வந்தால் படிகம் ஆவியாகி அறைக் காற்றில் கலக்கும், நுரையீரலுக்குக் கேடு. செய்தவை: கசிவை அடைத்தபின் அவரை வெயிலில் நிற்கவைத்தார்கள். துணைக்குப் போன டாம் ஜோன்ஸ் தூரிகையால் உடையைத் துலக்கினார். காற்றுப்பூட்டு அறைக்கு வந்ததும் கொஞ்சம் காற்றை நிரப்பி மறுபடி வெளியேற்றி அலசினார்கள். அதன் பிறகே கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் கொஞ்ச நேரம் ஆக்சிஜன் முகமூடியோடு இருந்தார்கள்.