பேக்கேஜ் இல்லாமல் பொனேர் தீவுக்கு ஸ்கூபா போக முடியுமா?

காட்பாடி_ஜங்ஷன்:
எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஸ்கூபாவின் முதல் கட்டப் பயிற்சியான ஓப்பன் வாட்டர் முடித்தேன், அப்புறம் அந்தமானில் ஹேவ்லாக் பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறேன். அடுத்து கரீபியனில் இருக்கிற பொனேருக்குப் போகலாம் என்று நானும் என் மச்சானும் பேசிக்கொண்டிருக்கிறோம், அவனும் ஓப்பன் வாட்டர்தான். வேலூரில் ஒரு டிராவல்ஸில் கேட்டால் "கரீபியனா, குரூஸ் பேக்கேஜ் இருக்கு சார்" என்று சிங்கப்பூர் கப்பல் நோட்டீஸைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதனால் டிக்கெட், தங்குமிடம், டேங்க் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவு. அங்கே படகே வேண்டாம், கைடும் வேண்டாம், வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டு அப்படியே கடலில் இறங்கலாம் என்கிறார்களே, நிஜமா? விசா எப்படி? எந்த மாதம் நல்லது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோட்டை_அகழி:
பாலாற்றில் தண்ணீரையே மழை வந்தால்தான் பார்க்கிறோம், இங்கிருந்து கரீபியன் கடலுக்கா! போய் வாங்க தம்பி. அந்த ஊரில் "ஆயிரம் படி" என்று ஒரு டைவ் இடம் இருக்கிறது, பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், உண்மையில் நூறு படி கூட இல்லை. சோளிங்கர் மலையில் 1305 படி ஏறின கால்களுக்கு அதெல்லாம் வாசற்படி. ஆனால் முதுகில் டேங்க்கோடு வெயிலில் திரும்பி ஏறும்போது பெயர் சரிதான் என்று தோன்றும்.

பாலாற்று_மீன்:
ரோட்டோரம் நிறுத்தி இறங்கலாம் என்பது நிஜம்தான். தீவின் மேற்குப் பக்கம் முழுக்க சாலையோரத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களில் இடத்தின் பெயர் எழுதி வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். கரையிலிருந்து கொஞ்ச தூரம் நீந்தினாலே பவளப்பாறைச் சரிவு ஆரம்பித்துவிடும். காற்று எப்போதும் கிழக்கிலிருந்து அடிப்பதால் மேற்குக் கரை பெரும்பாலும் அமைதி, கிழக்குக் கரை பக்கம் புதியவர்கள் போகவே வேண்டாம். எதிரே இருக்கிற க்ளைன் பொனேர் குட்டித் தீவுக்கு மட்டும் படகு வேண்டும்.

ஆனால் கைடு வேண்டாம் என்பதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்பதில்தான் எனக்குக் கொஞ்சம் கவலை தம்பி. ஹேவ்லாக்கில் நம்மை ஒருவர் கூட்டிப்போய்க் காட்டி, டேங்க்கில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அவரே கேட்டு, அவரே மேலே கூட்டி வந்துவிடுவார், நாம் மீனைப் பார்த்துக்கொண்டே பின்னால் போவோம். பொனேரில் அந்த ஆள் கிடையாது. எந்தப் பக்கம் நீரோட்டம், எப்போது திரும்புவது, இறங்கின இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது எல்லாம் நீங்களும் மச்சானும்தான். போகும்போது ஓட்டத்துக்கு எதிராகப் போங்கள், திரும்பும்போது அதுவே தள்ளிக்கொண்டு வரும். டேங்க்கில் 200 பார் அழுத்தத்தோடு இறங்கினால் 120 ஆனதும் திரும்புங்கள், கரைக்கு வரும்போது குறைந்தது 50 இருக்க வேண்டும். இந்தக் கணக்கைக் கைடு கூட இருக்கும்போதே நீங்கள் முன்னால் போய், அவரைப் பின்னால் வரச்சொல்லிப் பழகுங்கள். ஓப்பன் வாட்டருக்கு 18 மீட்டர் ஆழம்தான் வரம்பு. அங்கே மூழ்கிக் கிடக்கிற ஹில்மா ஹூக்கர் கப்பலைப் பார்க்கும் ஆசை இருந்தால் அடுத்த கட்டப் பயிற்சியான அட்வான்ஸ்டு முடித்துவிட்டுப் போவது நல்லது. கஞ்சாவோடு பிடிபட்ட சரக்குக் கப்பல் அது, 1984 செப்டம்பரில் மூழ்கி, இப்போது சுமார் 30 மீட்டர் ஆழத்தில் மணலில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது.

அங்கே 1979லிருந்து சுற்றிலும் கடல் பூங்கா. முதல் டைவ் ஒரு டைவ் கடையில் பதிந்து, விதிமுறை கேட்டு, சரிபார்ப்பு டைவாகத்தான் செய்ய வேண்டும். கையுறைக்குத் தடை, பவளத்தைப் பிடித்துத் தொங்கிவிடக்கூடாது என்பதற்காக. சால்ட் பியர் என்று உப்பு ஏற்றும் துறை ஒன்று இருக்கிறது, தூண்களுக்கு நடுவே வெளிச்சம் சாய்வாக விழ மீன் கூட்டம் சுற்றும், எனக்கு மிகவும் பிடித்த இடம். கப்பல் நிற்கும் நாளில் இறங்க விடமாட்டார்கள்.

வாடகைக்கு பிக்கப் எடுங்கள், டேங்க்கை எல்லாம் பின்னால் போடலாம். வலது பக்கம் ஓட்டும் ஊர், ரோட்டில் கழுதை சாவகாசமாக நிற்கும். ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். முக்கியமாக, இறங்கும்போது வண்டிக்குள் போன், பர்ஸ், பாஸ்போர்ட் எதையும் வைக்காதீர்கள், திருட்டு உண்டு. அங்கே பலர் கண்ணாடியை இறக்கியே விட்டுப் போவார்கள், உடைத்துவிட்டால் அதற்கும் சேர்த்து அழ வேண்டுமே என்று.

ஆரணிப்_பட்டு:
விசா பற்றி யாரும் சொல்லவில்லையே. பொனேர் 2010 அக்டோபர் 10லிருந்து நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி, ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பொது விசா வட்டமான ஷெங்கன் எல்லைக்குள் வராது. ஷெங்கன் விசாவை எடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று உட்காராதீர்கள், கரீபியன் விசா என்று தனியாக இருக்கிறது. சில நாட்டுக் குடியிருப்பு அனுமதி வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, நெதர்லாந்து தூதரகத் தளத்தில் உங்கள் நிலவரத்துக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேர் விமானம் இருக்கிறது. அமெரிக்கா வழியாக டிக்கெட் மலிவாகத் தெரியும், ஆனால் அங்கே விமானம் மாறுவதற்கே விசா வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். காட்பாடியிலிருந்து சென்னையும் பெங்களூரும் ரயிலில் சுலபம் என்பதால் இரண்டு ஊர் டிக்கெட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

செலவு எல்லாம் டாலர்தான், 2011லிருந்து அதுதான் அங்கே பணம். சுற்றுலா வரி 75 டாலர், அது போக இயற்கைக் கட்டணம் 40. சாப்பாட்டுப் பொருள் பெரும்பாலும் இறக்குமதி, விலை கடிக்கும், அதனால் சமையலறை உள்ள வீடாகப் பிடியுங்கள். குழாய்த் தண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்தது, தாராளமாகக் குடிக்கலாம், பாட்டிலுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் ஸ்கூபா அடங்கியிருக்கிறதா, எத்தனை மீட்டர் வரை என்று வரிவரியாகப் படித்துவிட்டு வாங்குங்கள், டைவிங்குக்கென்று தனிக் காப்பீடும் இருக்கிறது.

மாதம் என்று பார்த்தால் தீவு சூறாவளிப் பாதைக்குத் தெற்கே இருப்பதால் வருஷம் முழுக்கப் போகலாம். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூட்டமும் விலையும் அதிகம். செப்டம்பர், அக்டோபரில் காற்று குறைவு, ஆனால் தூரத்தில் எங்கேயாவது புயல் போனால் மேற்குக் கரைக்கே அலை திரும்பும், அப்போது ஒன்றிரண்டு நாள் சும்மா இருக்க வேண்டிவரும்.

காட்பாடி_ஜங்ஷன்:
ரொம்ப நன்றி அக்கா, பாலாற்று அண்ணா. ஹேவ்லாக்கில் நீங்கள் சொன்னது அப்படியே எங்கள் கதைதான். முதலில் அந்தமானில் அட்வான்ஸ்டும், ஆக்சிஜன் கூடுதலான காற்றில் இறங்கும் நைட்ராக்ஸ் பயிற்சியும் முடித்துவிட்டு, பொனேரை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுகிறோம். இரண்டு சந்தேகம். திரும்பும் விமானத்துக்கு எவ்வளவு நேரம் முன்னால் டைவை நிறுத்த வேண்டும்? மச்சானுக்குக் கிட்டப்பார்வை, கண்ணாடி இல்லாமல் காற்று அளவு காட்டும் மீட்டரே தெரியாது, என்ன செய்வது?

பாலாற்று_மீன்:
தினமும் இறங்கியிருந்தால் கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் குறைந்தது 18 மணி நேரம், நான் ஒரு முழு நாளே விட்டுவிடுவேன். அந்த நாளில் தெற்கே உப்பளங்களையும் ஃபிளமிங்கோவையும், 1850 வாக்கில் கட்டிய அடிமைகளின் குடிசைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள், ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத உயரம். நைட்ராக்ஸ் நல்ல முடிவு, 32 சதவீத ஆக்சிஜன் கலவை அங்கே சுலபமாகக் கிடைக்கும்.

மச்சானுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கும், இங்கேயே வாங்கி அந்தமானுக்கே எடுத்துப் போகச் சொல்லுங்கள். புது மாஸ்க்கின் உள்பக்கம் தொழிற்சாலைப் படலம் இருக்கும், எவ்வளவு துப்பித் தேய்த்தாலும் புகை மூட்டமாகவே நிற்கும். சாதாரண வெள்ளை டூத்பேஸ்ட்டை விரலில் எடுத்து இரண்டு மூன்று முறை நன்றாகத் தேய்த்துக் கழுவினால் சரியாகிவிடும், ஜெல் பேஸ்ட் வேண்டாம்.