தகரக் கூரைக் கூடத்தில் எதிரொலி: தென்னை நார்ப் பலகை அடித்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். போச்சம்பள்ளியில் சிறிய கலைக்கூடம் நடத்துகிறோம். ஞாயிறு சந்தை கலைந்த பிறகு தெருக்கூத்துப் பயிற்சி நடக்கும். கூடம் 30-க்கு 20 அடி, உயரம் 12. தகரக் கூரை, சிமென்ட் பூசிய சுவர், வெறுந்தரை. கை தட்டினால் சத்தம் இரண்டு விநாடி நிற்கிறது. முகவீணை என்ற ஊதுகுழலும் மிருதங்கமும் சேர்ந்தால், கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் பேசுவதில் ஒரு சொல்கூடப் பிரிந்து விழுவதில்லை. ஆட்கள் நிறைந்தால் உடம்பும் துணியும் ஒலியை வாங்கிக்கொள்ளும். தொல்லை பயிற்சி நாட்களில்தான்.

முட்டை அட்டை, தெர்மோகோல் யோசனை தயவுசெய்து வேண்டாம். அட்டை கீச்சென்ற உயர் ஒலியைக் கொஞ்சம் குறைக்கும், மிருதங்கத்தின் தொப்பி (இடப்பக்கம்) தரும் தாழ்ந்த ஒலி அப்படியே இருக்கும். இரண்டும் சட்டெனத் தீப்பற்றும், பிள்ளைகள் இருக்கும் இடம்.

2 அங்குலத் தடிமன் நார்ப் பலகையை ரீப்பர் (மெல்லிய மரச்) சட்டத்தில் பொருத்தி, சுவரிலிருந்து 2 அங்குலம் தள்ளி மாட்டலாம் என்றிருக்கிறோம். பின்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அந்தத் தாழ்ந்த ஒலி அடங்கும். எங்கள் கணக்கில் சுமார் 400 சதுர அடி வேண்டும்.

கேட்க வேண்டியவை: கரையான் வராமல் சட்டத்துக்கு என்ன பூசினீர்கள்? நார்த் தூசி உதிர்ந்து பாடுபவர்களுக்குத் தொண்டை கட்டுகிறதா, மேலே காடாத்துணி போர்த்தினால் போதுமா? தீப்பிடிக்காமல் இருக்கப் போராக்ஸ் கரைசல் தெளித்தவர்கள் உண்டா, மழைக்கால ஈரத்தில் அது நிற்கிறதா? கூரைக்கு அடியிலும் பலகை அடித்தால் மழைச் சத்தம் குறையுமா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி அமைத்த கூடம் இருந்தால் நேரில் வந்து பார்க்கிறோம்.