பகலில் மட்டும் கே.எச். இறங்குது, சிப்பிப் பாசிதான் காரணமா?

உப்புத்தண்ணி (சிங்கப்பூர்):
60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. உள்ளங்கை அளவு மேக்சிமா ராட்சதச் சிப்பி ஒண்ணு. காலையில் விளக்கு போடும்போது கே.எச். (தண்ணியில் இருக்கிற பைகார்பனேட், கார்பனேட் காரத்தோட அளவு) 8.4, ராத்திரி அணைக்கும்போது 8.1. அதே நேரத்தில் பி.எச். ஏறுது. இருட்டில் கே.எச். அசையறதே இல்லை. சிப்பிக்குள்ள இருக்கிற பாசி பைகார்பனேட்டைத் தின்னுடுதுன்னு கடைக்காரர் சொல்றார். சரியா?

செவுள்:
பாதி சரி. கடல்நீரில் கரைந்த கார்பனில் பத்தில் ஒன்பது பங்கு பைகார்பனேட். கார்பன் டை ஆக்சைடு ஒரு சதவீதம்கூடத் தேறாது. ஆனா பாசிக்குத் தண்ணி எட்டவே எட்டாது. பவளத்தில் அது செல்லுக்குள்ளேயே குடியிருக்கும். சிப்பியிலோ, வயிற்றிலிருந்து கிளைபிரிந்து மேலுறைச் சதைக்குள் ஓடும் நுண்குழாய்களில் இருக்கும். அதுக்குக் கார்பன் வாங்கி, ரத்தத்தில் ஏற்றி அனுப்புறது சிப்பியோட வேலை.

வாங்குற இடம் செவுள். வெளிச்சம் பட்டால் செவுள் செல்கள் புரோட்டானை வெளியே தள்ளும். அது பைகார்பனேட்டோடு சேர, கார்போனிக் அன்ஹைட்ரேஸ் நொதி சட்டுனு கார்பன் டை ஆக்சைடாக மாத்திடும். வாயு தானா உள்ளே போயிடும். வெளிச்சத்தில் இந்த நொதி செவுளில் கூடுவதை உங்க ஊர் ஆய்வாளர்களே ஸ்குவாமோசாங்கிற இன்னொரு ராட்சதச் சிப்பியில் காட்டியிருக்காங்க.

எந்த வடிவத்தில் வாங்கினாலும் பாசி கடைசியில் கட்டிவைப்பது கார்பன் டை ஆக்சைடை மட்டும்தான். பைகார்பனேட்டோடு வந்த காரம் தண்ணிக்கே திரும்பிடும். அதனால் பாசியால் பி.எச். ஏறும், கே.எச். இறங்காது. கே.எச். போறது சிப்பியோட சுண்ணாம்பு ஓட்டுக்கு. உங்க 0.3 இறக்கத்துக்குக் கணக்குப் போட்டேன்: நாளுக்கு ஏறத்தாழ 0.3 கிராம் சுண்ணாம்பு. ஓடு வளர்றதும் வெளிச்சத்தில்தான் வேகம், கடைக்காரர் குழம்பினது அங்கேதான். கண்ணாடியில் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசி இருந்தா அதுக்கும் இதில் பங்குண்டு.

உப்புத்தண்ணி:
பின்பக்கக் கண்ணாடி முழுக்க அதுதான்! அப்போ செடி வளர்க்கிற நன்னீர்த் தொட்டியில் விடுற மாதிரி கார்பன் டை ஆக்சைடு விட்டா சிப்பி இன்னும் நல்லா வளருமா?

செவுள்:
ஐயோ, வேண்டாம். பி.எச். சரிஞ்சா ஓடு கட்டுறது சிரமமாயிடும். அந்தக் காசில் நல்ல விளக்கு வாங்குங்க, கே.எச்.-ஐ 8-க்குக் கீழே விடாதீங்க.

கோவை ரீஃபர்:
இந்தியாவில் மேக்சிமா எங்கே கிடைக்கும்ணே?

செவுள்:
லட்சத்தீவுக் கடலில் இருக்கு தம்பி. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இருக்கு. யாராவது விற்க வந்தா வாங்கிடாதே.