மாலை நேர நாடக வாசிப்பு: ஜூன் மாதச் சோதனை வகுப்பின் விவரமும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் கையிருப்பைக் கொண்டு பள்ளி வளாகத்தில் ஒரு வாசிப்பறை கட்டலாம் என்றும், அதற்கு ஒன்பதரை லட்சம் ரூபாய் மதிப்பீடு வந்திருக்கிறது என்றும் குவைத்திலிருந்து பொருளாளர் அண்ணன் எழுதியிருந்தார். டொராண்டோ சித்தப்பா உட்படப் பலரும் அதற்கு இசைவு தெரிவித்தபோது, நான் மட்டும் ஊருக்குப் போய்வந்த பிறகு எழுதுகிறேன் என்று ஒதுங்கிக்கொண்டேன். ஜூன் மாதத்தில் சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை. நம் ஊரிலோ கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருக்கும் நேரம். அந்த மூன்று வாரங்களில், பள்ளி விட்ட பின் நாலரை மணி முதல் ஆறு மணி வரை, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைச் சேர்த்து, நாடகத்தின் வழியாக வாசிக்க வைக்கும் ஒரு வகுப்பை நடத்திப் பார்த்தேன். தவறிப்போனவற்றையும் மறைக்காமல் அதன் விவரத்தை எழுதுகிறேன்.

முதலில் பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுகளுக்கு முன் நாம் வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோவும், நாமெல்லாம் அனுப்பி வைத்த 412 புத்தகங்களும் பத்திரமாக இருக்கின்றன. பத்திரமாக இருப்பதுதான் அவற்றின் குறை. ஒரு புத்தகம் காணாமல் போனால் யார் பொறுப்பு என்ற அச்சத்தில் சாவி ஒரே இடத்தில் இருந்துவிட்டது. திறந்து எண்ணிப் பார்த்ததில், பிள்ளைகள் படிக்கத் தக்கவை அறுபதுக்குள்தான் தேறின. மற்றவை போட்டித் தேர்வு வழிகாட்டிகள், பழைய வார இதழ்த் தொகுப்புகள், அத்துடன் திருக்குறள் உரை மட்டும் ஒன்பது படிகள். அவற்றுள் இரண்டு நான் அனுப்பியவை என்பதால் யாரையும் குறை சொல்லும் நிலையில் நான் இல்லை.

நம் ஊரில் புத்தகம் இருக்கிறது, இடமும் இருக்கிறது. பிள்ளை புத்தகத்தைக் கேட்டு வருவதற்கான காரணம்தான் இல்லை. அந்தக் காரணத்தைக் கலையால் உண்டாக்க முடியும் என்பது நம் மாவட்டத்துக்குப் புதிய செய்தியன்று. 1991இல், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான அறிவொளி இயக்கம் புதுக்கோட்டையில் தொடங்கியபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், எழுத்துப் பலகைக்கு முன்னால் ஊருக்குள் வந்து சேர்ந்தது பாட்டும் வீதி நாடகமும்தான் என்பதை நம்மில் நாற்பது வயதைக் கடந்தவர்கள் பார்த்திருக்கிறோம். பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகச் சென்ற கலைஜாதாக் குழு வந்து போன இரவுக்கு மறுநாள், அதுவரை கையெழுத்துப் போடவே கூச்சப்பட்ட பெண்கள் சிலேட்டோடு திண்ணையில் உட்கார்ந்தார்கள்; அதே பெண்கள் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டது தனிக் கதை. முப்பது ஆண்டுகள் கழித்து, கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த இடைவெளியை நிரப்ப, 2021 அக்டோபரில் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டபோதும், மக்களிடம் அதைக் கொண்டுசேர்க்கக் கலைக்குழுக்களையே ஊர் ஊராக அனுப்பினார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வகுப்பு எடுத்த தன்னார்வலர்களில் ஒருவர், மேலத் தெருவில் குடியிருக்கும் பட்டதாரி அக்கா. என் வகுப்பை உண்மையில் நடத்தியவர் அவர்தான். நான் தாள் வாங்கிக் கொடுத்தவன்.

ஆனால், கலையால் கூட்டம் சேர்வது வேறு, கூடிய பிள்ளை வாசிப்பது வேறு. இந்த வேறுபாட்டை முதல் வாரத்திலேயே நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் நாள் 14 பிள்ளைகள் வந்தார்கள். ஆர்மோனியத் தாத்தா வந்து வாசிக்கத் தொடங்கிய பின் நான்காம் நாள் 31 பேர். ஒரு சிறுவர் கதையை நாடகமாக எழுதி, ஆளுக்கொரு படி எடுத்துக் கொடுத்திருந்தோம். நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் ராஜா வேடத்தில் தாளைக் கையில் பிடித்தபடி ஒரு பிழையும் இல்லாமல் வசனம் பேசினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தபோது தாள் தலைகீழாக இருந்தது. மற்றவர்கள் பேசியதைக் காதால் கேட்டே முழு நாடகத்தையும் அவன் மனத்தில் ஏற்றியிருந்தான். அவனுக்கு எழுத்துக் கூட்டவும் வராது என்பதை அக்கா அதன் பிறகே என்னிடம் சொன்னார்.

அவனைக் குறை சொல்ல எதுவும் இல்லை. நம் நாடக மரபே அப்படிப்பட்டது. நம் பக்கத்து மேடையில் வசனத்துக்கும் பாட்டுக்கும் சேர்த்துப் 'பாடம்' என்றுதான் பெயர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய பால சபை போன்ற, சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில், பள்ளியை ஓரிரு வகுப்போடு விட்டுவந்த சிறுவர்கள் நீண்ட பாடங்களை வாத்தியார் சொல்லச் சொல்ல நெட்டுருப் போட்டே நடிகர்களானார்கள். நினைவாற்றலை வளர்க்க அதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. ஆனால் வாசிப்புக்கு அது உதவ வேண்டுமென்றால், நெட்டுருப் போட முடியாத ஏதோ ஒன்று நாடகத்துக்குள் இருந்தாக வேண்டும்.

வழி சொன்னவர் ஆர்மோனியத் தாத்தா. நாற்பது ஆண்டுகள் திருவிழா மேடைகளில் வள்ளி திருமணத்துக்கும் அரிச்சந்திரனுக்கும் வாசித்தவர். "தம்பி, நாடகத்துல ஓலை வரும்ல, அதுல வெறும் தாளத்தான நீட்டுறாங்க. நெசமாவே எழுதிக் குடுங்க. என்ன எழுதியிருக்குன்னு ராஜாவுக்கும் தெரியக் கூடாது, எனக்கும் தெரியக் கூடாது" என்றார். மறுநாளிலிருந்து அப்படியே செய்தோம். தூதுவன் கொண்டுவரும் ஓலையில் அன்றன்று புதிதாக நான்கைந்து வரி எழுதப்பட்டிருக்கும். அதை ராஜாவோ மந்திரியோ மேடையில் நின்று உரக்க வாசித்தால்தான், அடுத்து போரா கல்யாணமா என்பது மற்ற நடிகர்களுக்கே தெரியும். வாசிப்பவர் தடுமாறினால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். கூட்டத்தில் இருப்பவர்கள் எழுத்துக்கூட்டி உதவலாம் என்று ஒரு விதி வைத்தோம். அந்த விதியால்தான் தடுமாறுவது அவமானமாக இல்லாமல் விளையாட்டாக மாறியது. இரண்டாம் வார முடிவில் ராஜா வேடத்துக்கு இருந்த போட்டி தணிந்து, ஓலை வாசிக்கும் மந்திரி வேடத்துக்குச் சண்டை வந்தது.

அக்கா இதில் இன்னொரு நுட்பத்தைச் சேர்த்தார். ஓலையில் எழுதும் வரிகளை பீரோவில் உள்ள புத்தகங்களிலிருந்தே எடுத்தார். அதுவும் கதை முறுக்கேறும் இடத்தில் பாதியில் வெட்டி எடுத்தார். மீதி எங்கே என்று பிள்ளைகள் கேட்டபோது, பீரோவில் இருக்கிறது என்றார். அன்று மாலை முதல் முறையாகப் பீரோ முன்னால் வரிசை நின்றது. மூன்று வாரத்தில் 43 முறை புத்தகங்கள் வீட்டுக்குப் போயின. திரும்பாதவை மூன்று, அவற்றில் ஒன்று ஒரு பாட்டியின் தலைமாட்டில் இருப்பதாகத் தகவல். நான் வகுப்பை அளக்க எடுத்துக்கொண்ட கணக்கு இந்த ஒன்றுதான். பிள்ளைகள் எத்தனை பேர் வந்தார்கள் என்பதையும் வெள்ளிக்கிழமை மேடையில் எவ்வளவு கைதட்டல் கிடைத்தது என்பதையும் வைத்துக் கணக்குப் போட்டால், நாம் ஆண்டுவிழா ஒன்றை மாதந்தோறும் நடத்திக்கொண்டிருப்போம்.

நாடகம் இன்னொரு வகையிலும் உதவியது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. தமிழில் வாசிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு 247 எழுத்துகளைக் காட்டிலும் பெரிய மலைப்பு, தான் பேசும் தமிழ் புத்தகத்தில் இல்லாதிருப்பதுதான். வீட்டில் 'வந்துக்கிட்டிருந்தான்' என்று சொல்லும் பிள்ளை, 'வந்துகொண்டிருந்தான்' என்ற சொல்லை எழுத்துக் கூட்டி முடிக்கும்போது, அது தனக்கு ஏற்கெனவே தெரிந்த சொல் என்று உணர்வதே இல்லை. நம் இசை நாடகம் இந்த இடைவெளியை வெகு காலமாகக் கடந்துவருகிறது. கதாநாயக வேடம் கட்டும் ராஜபார்ட் செய்யுளும் செந்தமிழ் வசனமும் பேசுவார். கோமாளியான பபூன் அதையே ஊர்ப் பேச்சில் திருப்பிச் சொல்லிக் கேலி செய்வார். ஆகவே, ஓலையை வாசிக்கும் மந்திரிக்குப் பக்கத்தில் ஒரு பபூனை நிறுத்தி, வாசித்த ஒவ்வொரு வரியையும் நம் ஊர்ப் பேச்சில் சொல்ல வைத்தோம். பபூனாக நடித்த ஆறாம் வகுப்புச் சிறுமி, 'படையெடுத்து வருகிறான்' என்பதை 'ஆளு அம்போட கெளம்பிட்டான்யா' என்று சொன்னபோது பெரியவர்களே சிரித்தார்கள். பொருள் புரியாமல் ஒரு வரியையும் அப்படித் திருப்பிச் சொல்ல முடியாது. கேள்வித்தாள் கொடுத்துச் சோதிக்கும் வேலை அதனால் மிச்சமாயிற்று.

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியம் 2004 முதல் நடத்திவரும் கிட்ஸ்ரீட் திட்டத்தைப் பற்றி இங்குள்ள நம்மவர்கள் அறிவார்கள். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் புத்தகம் வாசித்துக் காட்டுவது அதன் அடிப்படை. ஊருக்கு நான் எடுத்துச் சென்ற மற்றொன்று ஜப்பானியரின் கமிஷிபாய் என்னும் படச்சட்டக் கதை. 1930களில் ஜப்பானியத் தெருக்களில் சைக்கிளில் வந்த மிட்டாய் வியாபாரிகள், மரச்சட்டத்தில் பட அட்டைகளை ஒவ்வொன்றாக உருவிக் கதை சொன்னார்கள். அட்டையின் முன்பக்கம் படம். அதற்குரிய கதை வரிகள், அடுக்கின் கடைசி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். பார்ப்பவருக்குப் படமும் சொல்பவருக்கு எழுத்தும் ஒரே நேரத்தில் கிடைக்கும். மேடையேறக் கூச்சப்படும் பிள்ளைகள் சட்டத்துக்குப் பின்னால் நின்று வாசித்துவிடுகிறார்கள். நம் தச்சர் மாமா ஒரு பழைய சன்னல் கட்டையில் சட்டம் செய்து கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

இடம் பற்றிய ஒரு செய்தியை எழுதலாமா என்று தயங்கினேன், எழுதுவதே நேர்மை. முதல் இரண்டு நாள் வகுப்பை நாம் கட்டிக் கொடுத்த கலையரங்கத்தில் வைத்தோம். மேடை கோயிலுக்கு எதிரில் இருப்பதால் கிழக்குத் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. யாரும் தடுக்கவில்லை, யாரும் அழைக்கவும் இல்லை, பிள்ளைகளுக்கே தெரிந்திருந்தது. மூன்றாம் நாள் பள்ளி வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். கிழக்குத் தெருவிலிருந்து ஒன்பது பேர் வந்தார்கள். மேலே சொன்ன பபூன் சிறுமி அவர்களில் ஒருத்தி. வகுப்பு தொடர்ந்தால் அது மரத்தடியில்தான் நடக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கலையரங்கக் கல்வெட்டில் பெயர் உள்ள நம்மில் சிலருக்கு இது வருத்தம் தரலாம். என் தந்தையார் பெயரும் அதில் இருக்கிறது.

எதிர்ப்பும் இருந்தது. "கூத்துக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சா படிப்பு ஏறுமா" என்று ஒரு தகப்பனார் முகத்துக்கு நேராகக் கேட்டார். மகள் ஓலை வாசித்ததை வெள்ளிக்கிழமை வந்து பார்த்தபின் மறுபடி கேட்கவில்லை. மகனை மட்டும் டியூஷனுக்கே அனுப்புகிறார். எட்டாம் வகுப்புப் பெண்கள் இருவர், மாலையில் வீட்டு வேலை இருப்பதால் இடையில் நின்றுவிட்டார்கள். அவர்களை மீட்கும் வழி எனக்கு அகப்படவில்லை. தாளைத் தலைகீழாகப் பிடித்த சிறுவன் மூன்று வாரத்தில் சரளமாக வாசிக்கத் தொடங்கிவிட்டான் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவன் இப்போது தன் பெயரையும் இரண்டெழுத்துச் சொற்களையும் அடையாளம் காண்கிறான், அவ்வளவுதான். அவனைப் போன்றவர்களுக்கு அக்கா தனியாக அரைமணி நேரம் உட்கார வேண்டும். நாடகம் அந்த வேலையைச் செய்யாது.

இனிச் செலவு. அக்காவுக்கு மாதம் 6,000 ரூபாய், தாத்தாவுக்கு 3,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,08,000 ஆகிறது. தொலையும் புத்தகங்களுக்கு ஈடாகவும் புதியவை வாங்கவும் 12,000. தாள், வண்ணம், மின்விளக்கு, சுண்டல் ஆகியவற்றுக்கு 10,000. மொத்தம் 1,30,000 ரூபாய். வாசிப்பறைக்கு ஒதுக்க நினைத்த தொகை இந்த வகுப்பை ஏழு ஆண்டுகள் நடத்தும். புத்தகம் தொலைந்தால் சங்கம் ஏற்கும் என்று தலைவர் கையொப்பத்தோடு ஒரு கடிதம் கொடுத்துவிட்டால், சாவியைப் பற்றிய அச்சமும் நீங்கும். பணத்தைவிட அந்தக் கடிதம் அவசரம். புதிய புத்தகங்களை நாம் தேர்ந்தெடுத்து அனுப்பும் வழக்கத்தையும் நிறுத்திவிடலாம். பள்ளிக் கல்வித் துறை 2023இல் வாசிப்பு இயக்கத்துக்காக நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் வெளியிட்ட சிறு நூல்களைப் போல, பிள்ளையின் வாசிப்பு நிலைக்கேற்ற மெல்லிய புத்தகங்களே தேவை. எது வேண்டும் என்பதை அக்காவும் பிள்ளைகளும் சொல்லட்டும்.

பொருளாளர் அண்ணன் இதற்கு உடன்படாவிட்டால், ஓராண்டுக்கு மட்டும் இசைவு கொடுத்து, புத்தகம் வெளியே போன கணக்கைப் பார்த்த பிறகு கட்டடத்தைப் பற்றி முடிவெடுக்கலாம். ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை இணையவழிக் கூட்டத்துக்கு முன் உங்கள் கருத்துகளைக் குழுவிலேயே எழுதுங்கள். தனி மடலில் வேண்டாம்.

இன்னொன்று. நான் புறப்பட்ட நாளில் அக்கா வைத்த ஓலையின் மீதிக் கதையைத் தேடிப் பிள்ளைகள் பீரோவைத் திறந்திருக்கிறார்கள். அந்தப் புத்தகத்தில் கடைசி நான்கு தாள்கள் இல்லை. பத்து நாளாக அக்காவை நச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள். நூலின் அட்டைப் படத்தை இம்மடலுடன் இணைத்திருக்கிறேன். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர்கள் யாரேனும் ஒரு படி தேடி வாங்கி, பள்ளி முகவரிக்கு விரைவு அஞ்சலில் அனுப்பினால் நன்று.

அன்புடன்,
சிங்கப்பூர்க் கிளைச் செயலாளர்