முதல் பேனாக்கத்தி: சின்ன பட்ஜெட்டுக்கு எது சரி?

கத்திக்குப் புதுசு: வணக்கம். பழைய பாணி மடக்குக் கத்தி ஒன்று வாங்க ரொம்ப நாள் ஆசை. பார்சல் பிரிக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ, அவ்வளவுதான் வேலை. மூன்று கண்ணில் பட்டிருக்கின்றன: ஒபினெல் 8ஆம் எண், விக்டோரினாக்ஸ் கேடட், அப்புறம் அலகில் 'லாகியோல்' என்று பொறித்த ஒன்று. மூன்றாவதுதான் அழகு, விலையும் குறைவு. போன வருடம் பத்துக் கருவி வைத்த ஒரு கத்தியை வாங்கினேன். இரண்டே மாதத்தில் அலகு ஆட ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் இந்த முறை கேட்டுவிட்டு வாங்கலாம் என்று.

சாணைக்கல்: லாகியோலைக் கழித்துவிடுங்கள். அது பிரான்சில் ஒரு ஊர், அந்த ஊரின் கத்தி வடிவத்துக்கும் அதே பெயர். நல்ல பட்டறையும் அதைப் பொறிக்கும், மட்டமான பட்டறையும் பொறிக்கும். மலிவு விலையில் எது எது என்று கண்டுபிடிப்பது புதியவருக்குக் கஷ்டம்.

என் ஓட்டு ஒபினெலுக்கு. பீச் மரப்பிடி, 8.5 செ.மீ. அலகு, திருகினால் அலகை மடங்காமல் பூட்டும் எஃகு வளையம் (1955இல் வந்தது), வேறு எதுவும் இல்லை. அலகு மெல்லியது என்பதால் வழுக்கிக்கொண்டு வெட்டும். மிச்சக் காசில் ஒரு சாணைக்கல் வாங்குங்கள். மொட்டையாகிப்போன விலை உயர்ந்த கத்தியைவிடத் தீட்டிய மலிவுக் கத்தி மேல்.

பழைய இரும்பு: கல் விஷயத்தில் சாணைக்கல் சொல்வது சரி. ஆனால் பையில் வைத்துக்கொண்டு வெளியே போவீர்கள் என்றால் முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். பிரிட்டனில் தக்க காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்றால், பூட்டாத மடக்குக் கத்தியாக, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஒபினெல் 8 இரண்டிலுமே அடிபடும். கேடட்டில் பூட்டு கிடையாது, முதுகு ஸ்பிரிங்தான் அலகைப் பிடித்து வைக்கிறது. மடக்கினால் 84 மி.மீ., அலுமினியப் பிடி, துருப்பிடிக்காத எஃகு.

எதை வாங்கினாலும் கையில் எடுத்துப் பாருங்கள். அலகைத் திறந்து, நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள், ஆடக் கூடாது. ஸ்பிரிங் கத்தி என்றால் 'டக்' என்று உட்கார வேண்டும். மடக்கினால் நுனி பிடிக்குள் முழுதாக மறைய வேண்டும், இல்லையென்றால் பாக்கெட்டைக் கிழிக்கும்.

கத்திக்குப் புதுசு: எனக்கு வீட்டுக்குள்தான் உபயோகம், அதனால் ஒபினெல். அலகு கார்பன் எஃகா, ஸ்டெயின்லெஸ்ஸா (துருப்பிடிக்காத எஃகு)?

சாணைக்கல்: துடைக்கும் பழக்கம் இருந்தால் கார்பன், சுலபமாகத் தீட்டலாம். புளிப்பான பழத்தை நறுக்கினால் அலகு சாம்பலும் நீலமுமாக மாறும். அது கெடுதல் இல்லை. செம்மண் நிறத்தில் புள்ளி விழுந்தால்தான் துரு.

கத்திக்குப் புதுசு: (மூன்று வாரம் கழித்து) கார்பன்தான் வாங்கினேன். நேற்று குழாயடியில் காட்டிக் கழுவி மடக்கி வைத்தேன். இன்று திறக்கவே வரவில்லை! இழுத்து இழுத்து நகம் பிளந்ததுதான் மிச்சம். பழுதா?

பழைய இரும்பு: பழுது இல்லை, மரம் ஈரத்தில் ஊதி அலகைக் கவ்விக்கொண்டது. நகத்தால் இழுக்காதீர்கள். வளையத்தின் பிளவு அலகுக்கு நேராக இருக்கட்டும். கத்தியை வளையத்துப் பக்கமாகப் பிடித்து, பிடியின் வால் முனையை மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். நுனி கொஞ்சம் எழும்பும், அதைப் பிடித்துத் திறங்கள். திறந்தபடியே இரண்டு நாள் நிழலில் காயட்டும். அவசரப்பட்டு மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், காய்ந்ததும் தொளதொளவென்று ஆகிவிடும்.

கத்திக்குப் புதுசு: இரண்டாவது தட்டில் எழுந்துவிட்டது! மேசையில் ஒரு சின்னப் பள்ளம். வீட்டில் இன்னும் யாரும் பார்க்கவில்லை. நன்றி அண்ணா. சாணைக்கல் எத்தனை கிரிட்டில் (சொரசொரப்பைச் சொல்லும் எண்) வாங்கட்டும்?

சாணைக்கல்: 1000 போதும். முதல் தீட்டலை அந்தப் பழைய பத்துக் கருவிக் கத்தியில் பழகிக்கொள்ளுங்கள்.